கையில் சான்றிதழ், குப்பையில் மருந்து

என்னைப் பற்றி ஒஸ்லோத் தமிழரிடையே இரண்டு கதைகள் உலாவுகின்றன. நான் பெரிய குடிகாரன் என்பது ஒன்று. மனைவி விட்டுப் போன பிறகு குடியை விட்டுத் திருந்திவிட்டேன் என்பது மற்றது. இரண்டும் பொய். முதலாவது பொய்யைப் பரப்பியது வேறு யாருமில்லை, நான்தான். இப்போது கால் கொஞ்சம் சொல்வழி கேட்கிறது. வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன், கையும் சும்மா இருக்கிறது. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். என்னைப் போல உடம்பு வருத்தத்தை ஒளித்து வைத்திருப்பவர்கள் வாசியுங்கள். மற்றவர்களும் வாசியுங்கள், கதைப்பதற்கு ஒரு புது விஷயம் கிடைக்கும்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளன். மின்குமிழ் மாற்றுவது, பூட்டுத் திருத்துவது, குளிர்காலத்தில் வாசற்படியில் பனி வழிப்பது எல்லாம் என் வேலை. பத்து வருடங்களுக்கு முன் ஒரு நாள் வலது பாதம் தரையை உரசத் தொடங்கியது. தூக்கு என்று மூளை சொல்லும். பாதம் யோசித்துவிட்டுத்தான் தூக்கும். சப்பாத்தில் பிழை என்று நினைத்துப் புதுச் சப்பாத்து வாங்கினேன். அதுவும் இரண்டு மாதத்தில் முன்பக்கம் தேய்ந்துபோனது.

பிறகு ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், எல்லோர் கண் முன்னாலும், சமதரையில் விழுந்தேன். யாரோ, "அண்ணைக்கு இண்டைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று நான் குடித்திருந்தது ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறு.

ஏன் மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். குடிகாரன் நாளைக்கே திருந்தலாம், வருத்தக்காரன் எதைத் திருத்துவது? குடிகாரனை நாலு பேர் ஏசுவார்கள், வருத்தக்காரனை நாலு பேர் இரக்கத்தோடு பார்ப்பார்கள். எனக்கு ஏச்சு வாங்கிப் பழக்கம். வைத்தியரிடம் போனால் ஏதாவது ஒரு பெயர் சொல்லிவிடுவார் என்ற பயமும் இருந்தது. ஆகவே கால் இடறும் நாட்களில், வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பியர் வாங்கி, ஒரு வாய் குடித்து, மிச்சத்தைப் பனியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவேன். மணம் இருந்தால் கேள்வி வராது.

என் மனைவி வசந்தி உண்மையிலேயே கேள்வி கேட்கவில்லை. முதலில் அழுதாள், பிறகு கத்தினாள், பிறகு கதைப்பதை நிறுத்தினாள். மகள் ஆரணி பள்ளிக்கூடம் முடித்த கோடையில் இருவரும் ஜேர்மனிக்கு, வசந்தியின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். விவாகரத்துப் பத்திரம் எதிலும் யாரும் கையெழுத்து வைக்கவில்லை. போகும்போது கதவடியில் நின்று அவள் சொன்னது இவ்வளவுதான்: "குடியை விட்டால் சொல்லுங்கோ." பிடிக்காத ஒன்றை எப்படி விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு ஒஸ்லோவின் குரூருட் பகுதியில் எங்கள் மூன்று அறை வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் ஏணியின் மூன்றாவது படியில் நின்றபோது வலது கால் மரக்கட்டை போல விறைத்து, தானாகப் பின்னுக்கு உதைத்தது. விழுந்தேன். அம்புலன்ஸில் ஏற்றினார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அவசரப் பிரிவில் இருந்த இளம் வைத்தியர் என் உள்ளங்காலைச் சாவியால் கீறிப் பார்த்தார். பெருவிரல் மேலே எழும்பியது. வளர்ந்த மனிதருக்கு அது கீழே மடங்க வேண்டுமாம். அதுவரை சிரித்துக் கதைத்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"எவ்வளவு காலமாக இப்படி?" என்று கேட்டார்.

"இன்று காலையிலிருந்து" என்றேன்.

ஆறு நாட்கள் நரம்பியல் வார்ட்டில் வைத்திருந்தார்கள். தலையையும் முதுகையும் ஒரு பெரிய காந்தக் குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். உள்ளே இரும்புக் கதவில் சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம். சத்தம் எனக்குப் புதிதல்ல, அசையாமல் கிடப்பதுதான் புதிது. பிடித்த பாட்டு ஏதாவது போடட்டுமா என்று காதுக்குள் ஒரு குரல் கேட்டது. எனக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாள் முதுகெலும்புக்கு நடுவே ஊசி ஏற்றி நீர் எடுத்தார்கள். மூளையையும் முதுகு நரம்பையும் சுற்றி இருக்கும் நீர் அது. அதில் நோயின் அடையாளம் தெரியும். வயிற்றுப் பிள்ளை மாதிரிச் சுருண்டு படுக்கச் சொன்னார்கள். மாரித் என்ற தாதி என் முன்னால் முழங்காலில் நின்று, "கை வேண்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஊசி உள்ளே போனதும் நானே எட்டிப் பிடித்துக்கொண்டேன். வணக்கம் சொல்லிக் குலுக்குவதற்கு அல்லாமல் இன்னொருவர் கையை நான் பிடித்தது, ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. வெட்கமாகவும் இருந்தது, விட மனமும் வரவில்லை.

எங்கள் ஆட்களில் ஒருவர் வைத்தியசாலையில் படுத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முந்திரிகைப் பழமும் சத்துமா டின்னுமாக இருபது பேர் வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். இதே வருத்தம் யாருக்கு வந்தது, அவர் எப்படிச் செத்தார் என்று நோயாளிக்கே விளக்கம் சொல்வார்கள். தாதிமார் வழி கேட்டுக் கேட்டுக் களைத்துப் போவார்கள். அந்த ஆரவாரத்தை நான் எத்தனையோ தடவை பகிடி பண்ணியிருக்கிறேன். இந்த ஆறு நாளும் என் கட்டிலடிக்கு ஒருவரும் வரவில்லை, நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்பாரற்றுக் கிடப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் விளங்கியது. நான் பகிடி பண்ணிய அந்த இருபது பேரில் ஒருவராவது வந்து யாராவது செத்த கதையைச் சொல்ல மாட்டாரா என்று இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் அர்னே என்ற முதியவர். அவருடைய மனைவி காலையில் வந்து, பின்னல் ஊசியோடு அவர் காலடியில் இருந்தால், மாலையில்தான் எழும்புவாள். இருவரும் அதிகம் கதைக்க மாட்டார்கள். அவள் வீட்டிலிருந்து வாஃபிள் சுட்டுக் கொண்டுவருவாள். கேட்காமலே பாதியை என் தட்டில் வைப்பாள். நாலாம் நாள், "உன் குடும்பம் தூரத்திலா?" என்று கேட்டாள். "தூரம்தான்" என்றேன். அன்று முழு வாஃபிளையும் என் தட்டில் வைத்துவிட்டாள். அதைச் சாப்பிட எனக்கு நெடு நேரம் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆரணி வீடியோவில் கூப்பிட்டாள். தலையணை தெரியாதபடி நடைகூடத்துக் கடைசி ஜன்னலடியில் போய் நின்றேன்.

"எங்கை நிக்கிறியள் அப்பா?"

"வேலையிலை."

"ஞாயிற்றுக்கிழமையோ?"

"பைப் உடைஞ்சு போச்சு மகள். வந்து பாக்கச் சொன்னவை."

அவள் என் கண்ணைக் கூர்ந்து பார்த்தாள். குடிவெறியா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடங்களிலிருந்தே அப்படித்தான் பார்ப்பாள்.

ஆறாம் நாள் பெரிய வைத்தியர் வந்து கட்டில் விளிம்பில் அமர்ந்தார். ஐம்பது வயதுப் பெண். இப்படியான செய்தியை வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்வது வழக்கம், யாரையாவது கூப்பிடட்டுமா என்றார். தேவையில்லை என்றேன். நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். மின்கம்பியைச் சுற்றி ரப்பர் உறை இருப்பது போல நரம்பைச் சுற்றியும் ஓர் உறை உண்டு. உடம்பின் காவல் படையே ஆள் மாறி அந்த உறையைக் கடித்துத் தின்கிறது. உறை போன இடத்தில் மின்சாரம் ஒழுகும். மூளை சொல்வது காலுக்குப் பிந்திப் போகும், அல்லது கால் தன்பாட்டில் உதைக்கும். பலருக்கு இது வந்து வந்து போகும். எனக்கு வந்திருப்பது மெதுவாக ஏறிக்கொண்டே போகும் வகை. முற்றாக மாற்ற மருந்து இல்லை.

"இது இன்று காலையில் தொடங்கியது இல்லை, அல்லவா?" என்றார்.

"எட்டு வருடம் இருக்கும்" என்றேன். நான் வாய்விட்டு உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர் போன பிறகு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒருவிதச் சந்தோஷம். நான் குடிகாரன் இல்லை என்று முத்திரை குத்திய கடதாசி என் கையில் இருந்தது. காட்டத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தசை இறுக்கம் கூடியது. நாற்காலியில் இருந்தால் கால் நீட்டிக்கொண்டு மடங்க மறுக்கும். மடக்கினால் மேளம் அடிக்கும். முதலில் தந்த குளிசைகள் காலைத் தளர்த்தின, ஆளையும் சேர்த்துத் தளர்த்தின. வேலைக்கு நடுவே பள்ளிக்கூடக் கொதிகலன் அறையில் தூங்கிப்போனேன். அப்போதுதான் நரம்பியல் வைத்தியர் இன்னொரு மருந்தைச் சொன்னார். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த சாறு, சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். நாக்குக்குக் கீழே விசிறிக்கொள்ள வேண்டும். நாலு கிழமை பார்ப்போம், பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்றார்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. குடிகாரன் என்று பெயர் எடுத்தாயிற்று, இனிக் கஞ்சாக்காரன் பட்டம் ஒன்றுதான் பாக்கி. மருந்து வேப்பெண்ணெயில் மெந்தோல் கலந்தது போலக் கசக்கும். முதல் கிழமை தலை சுற்றியது. மூன்றாம் கிழமை ஒரு காலையில், கட்டிலில் இருந்தபடி குனிந்து, என் சப்பாத்துக் கயிற்றை நானே கட்டினேன். கட்டிவிட்டு அவிழ்த்தேன். மறுபடியும் கட்டினேன். ஐம்பத்தைந்து வயதில் சப்பாத்துக் கட்டிய சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வருடம் தை மாதம் ஆரணி கூப்பிட்டாள். அங்கேயே ஒரு பையனை விரும்பியிருக்கிறாள், இரு வீட்டாருக்கும் சம்மதம், கலியாணம் வைகாசியில்.

"எனக்கு நகை, ஹோல் ஒண்டும் பெரிசில்லை அப்பா. அம்மாவும் நீங்களும் பக்கத்திலை பக்கத்திலை இருந்து என்னைத் தாரை வார்த்துத் தரவேணும். அது ஒண்டுதான் வேணும்."

"வருவன் மகள்."

பிறகு, "அப்பா, அண்டைக்கு மட்டும்... விளங்குதுதானே?" என்றாள்.

"விளங்குது" என்றேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கலியாணம் பேசும் நேரத்தில் பெண்ணின் தகப்பனுக்கு நரம்பு வருத்தம் என்றால், பரம்பரை நோயா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள் என்று நினைத்தேன். அந்த ஒரு நாளை மருந்தின் துணையோடு ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த மருந்தைச் சும்மா பையில் போட்டுக்கொண்டு நாடு விட்டு நாடு போக முடியாது. போதைப்பொருள் வகையில் சேரும் மருந்துகளுக்கு ஷெங்கன் சான்றிதழ் என்று ஒரு பத்திரம் வேண்டும். வைத்தியரின் மருந்துச்சீட்டையும் கடவுச்சீட்டையும் பார்த்து மருந்துக்கடையில் எழுதிக் கொடுப்பார்கள். வழமையாக எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்குள் மட்டும்தான் அது செல்லும், அதுவும் முப்பது நாளுக்கு. இங்கிலாந்துக்கோ இலங்கைக்கோ போவதென்றால் அந்தந்த நாட்டுச் சட்டத்தை விசாரிக்க வேண்டும்.

குரூருட் மருந்துக்கடையில் கால் வைத்தால் எப்படியும் ஒரு தமிழர் இருமல் மருந்து வாங்க நிற்பார். ஆகவே இரண்டு ரயில் மாறி நகரத்தின் மேற்குப் பக்கம் போனேன். பணக்கார வெள்ளையர்கள் மட்டும் இருக்கும் இடம். வரிசைச் சீட்டு எடுத்து, என் எண் வந்து நிமிர்ந்தால், கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது எங்கள் தமிழ்ப் பிள்ளை. நெற்றியில் சின்னப் பொட்டு. பேய்க்குப் பயந்து சுடலைக்குள் ஓடிய கதைதான். திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன், கால் திரும்பும் வேகத்துக்குள் அவள் என் பெயரைக் கணினியில் பார்த்துவிட்டாள்.

"வணக்கம் அங்கிள்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பயப்பிடாதேங்கோ. எனக்கு தௌஷேத்ஸ்ப்ளிக்ட் இருக்கு. அம்மாவுக்குக்கூடச் சொல்லேலாது."

நோயாளியின் இரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமையைத்தான் அப்படிச் சொன்னாள். சான்றிதழை எழுதி, முத்திரை குத்தி, ஒரு வரி ஒரு வரியாக விரல் வைத்துக் காட்டினாள்.

"மூண்டு குப்பி எண்டு எழுதியிருக்கிறன். பெட்டியோடை கொண்டு போங்கோ, உங்கடை பேர் ஒட்டின லேபிளைக் கழட்டாதேங்கோ. கைப்பையிலை வையுங்கோ. ஆரும் கேட்டால் இதைக் காட்டுங்கோ, அவ்வளவுதான். நீங்கள் பிழை ஒண்டும் செய்யேல்லை அங்கிள்."

கடைசி வசனத்தை அவள் ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை பின்னேரம் விமானம் ஏறினேன். ஒஸ்லோ விமான நிலையத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சான்றிதழ் சட்டைப் பையில், குப்பிகள் கைப்பையில். எல்லாம் நன்றாகத்தான் போனது. இறங்குவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: விமானத்தின் வாசலிலேயே பொலிசார் கடவுச்சீட்டுப் பார்ப்பார்கள், பயணப் பத்திரங்களைக் கையில் தயாராக வைத்திருங்கள்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் நான் முதல் தடவை ஐரோப்பாவுக்கு வந்ததும் விமானத்தில்தான். பயணத்தை ஒழுங்கு செய்த ஏஜென்சிக்காரன் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: "பொலிஸ் வரமுதல் கக்கூசுக்குள்ளை போய்க் கிழிச்சுப் போட்டிடு. கையிலை ஒண்டும் இருக்கக்கூடாது." இருபது வயதில் கடவுச்சீட்டைக் கிழித்துப் போட்டேன். என்னைப் போல வந்தவர்களில் எத்தனையோ பேர் அதைச் செய்தவர்கள்தான்.

அந்த அறிவித்தலைக் கேட்டதும் நான் யோசிக்கவில்லை. உடம்புதான் எழும்பியது. இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். கஞ்சாவோடு பிடிபட்டவனின் மகள் என்று ஆரணியை நாளை மறுநாள் மண்டபத்தில் சொல்வார்கள் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. ஒரு கையில் சான்றிதழ், மறு கையில் குப்பிகள். இரண்டில் எதை எறிவது? முதல் தடவை கடதாசியைக் கிழித்ததால், என் பெயர் என் பெயர்தான் என்று நிறுவ எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. இனிச் செத்தாலும் கடதாசி கிழிக்க மாட்டேன் என்று அன்றைக்கே சத்தியம் பண்ணியிருந்தேன். ஆகவே கடதாசியைக் கவனமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மூன்று குப்பிகளையும் துடைப்புத் தாளில் சுற்றிக் குப்பைத் துவாரத்துக்குள் போட்டேன்.

வாசலில் ஓர் இளம் பொலிஸ்காரி நின்றாள். என் கடவுச்சீட்டின் அட்டையைப் பார்த்தாள், திறக்கவுமில்லை. மாலை வணக்கம் சொல்லி வழி விட்டாள். பத்து அடி நடந்த பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. திரும்பிப் போக விடவில்லை.

சனிக்கிழமை ஒரு வைத்தியரைத் தேடியிருக்கலாம். தேடுவதென்றால் மைத்துனனிடம் கேட்க வேண்டும், கேட்பதென்றால் சொல்ல வேண்டும். தங்கியிருந்த அறையில் நாற்காலியைப் பிடித்தபடி நடந்து பழகினேன். பின்னேரமே கால் இறுகத் தொடங்கிவிட்டது.

மணவறை மேடைக்கு நாலு படி. மைத்துனன் என் முழங்கையைப் பிடித்து ஏற்றினான். ஏறும்போதே காதுக்குள், "இண்டைக்கெண்டாலும் குடியாமல் இருந்திருக்கலாமே, அத்தான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுவது போலச் சொன்னான். அதுதான் அதிகம் சுட்டது.

வசந்தி ஏற்கெனவே பலகையில் இருந்தாள். எட்டு வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது. சம்மணமிட்டு இருந்தேன். வலது காலை இடது தொடைக்குக் கீழே திணித்து, என் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டேன். எதிரே இரண்டடியில் அக்கினி. கால் நீண்டால் நேரே அதற்குள்தான். ஐயர் இரண்டு பக்கத்துப் பாட்டன் பூட்டன் பெயர்களையும் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கால் துள்ளத் துள்ள, பலகை டக டக என்று அடிக்கத் தொடங்கியது. வசந்தி செம்பை எடுக்கக் குனிந்தபோது, பழைய பழக்கத்தில், என் பக்கம் மூச்சை இழுத்து மணந்து பார்த்தாள். மணம் இல்லை. நெற்றியைச் சுருக்கி என் காலைப் பார்த்தாள். நான் ஆரணியின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தேன். வசந்தி நீர் வார்த்தாள். அந்த ஒரு நிமிடம் கால் பொறுத்துக்கொண்டது, அதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

தாலி கட்டி முடிந்தது. மணமக்களுக்கு அறுகரிசி போட்டு ஆசீர்வதித்துவிட்டு இறங்கும்போது, இரண்டாவது படியில் கால் முன்னுக்கு உதைத்தது. அறுகரிசித் தட்டோடு விழுந்தேன். நானூறு பேர். வாத்தியம் நின்றது. முன்வரிசையில் ஒருவர், "தொடங்கீட்டார்" என்றார். மாலையோடு எழுந்து நின்ற ஆரணியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவு வரவில்லை. எழும்ப முயன்றேன். கால் விறைத்து நீட்டியபடி இறுகிவிட்டது. இரண்டு பேர் மடக்கப் பார்த்தும் முடியவில்லை. வலியில் சத்தம் போட்டேன். மண்டபத்து ஜேர்மன்காரர் அம்புலன்ஸைக் கூப்பிட்டார். கூடப் போக ஜேர்மன் மொழி தெரிந்த உறவினர் ஒருவர் வேண்டும் என்றார்கள். மணப்பெண் வர முடியாது, மைத்துனனுக்குப் பந்தி நடத்த வேண்டும்.

"நான் போறன்" என்றாள் வசந்தி.

கலியாணப் பட்டுச்சேலையோடு அவசரப் பிரிவின் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து இருந்தாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஊசி போட்டு, கால் கொஞ்சம் தளர்ந்த பிறகு, நடுத்தர வயது வைத்தியர் ஒருவர் வந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். அவர் கேட்பதை வசந்தி எனக்குச் சொல்வாள், நான் சொல்வதை அவருக்குச் சொல்வாள்.

"என்ன மருந்து பாவிக்கிறியள் எண்டு கேக்கிறார்."

சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அதில் மருந்தின் பெயரும் அளவும் ஆங்கிலத்திலும் இருந்தன. வைத்தியர் வாசித்தார், தலையை ஆட்டினார், வசந்திக்கு ஏதோ விளக்கினார். அவள் திரும்பினாள்.

"கஞ்சாவோ?"

"மருந்து. கால் இறுக்கத்துக்கு."

"எங்கை அது?"

"பிளேனிலை எறிஞ்சிட்டன். பொலிஸ் நிக்குது எண்டாங்கள்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏச்சு இருந்தது, ஆனால் ஏசவில்லை. வைத்தியர் அடுத்ததைக் கேட்டார்.

"இந்த வருத்தம் எப்ப தொடங்கினது எண்டு கேக்கிறார்."

"பத்து வருசம்."

அவள் வைத்தியரிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"பத்தோ?"

"ஓம்."

"நான் இஞ்சை வந்து எட்டு."

"ஓம்."

"எப்பிடித் தொடங்கினது?" இதை வைத்தியர் கேட்டாரா அவளே கேட்டாளா என்று எனக்குத் தெரியாது.

"பிறந்தநாள் ஹோலிலை விழுந்தனான். உமக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரும் சிரிச்சவை."

அதை அவள் வைத்தியருக்கு எப்படிச் சொன்னாளோ தெரியாது, மிகச் சுருக்கமாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார். எல்லா நோயாளியிடமும் கேட்கும் கேள்விதான் என்பது அவர் குரலில் தெரிந்தது. வசந்தி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"குடிக்கிறனீங்களோ எண்டு கேக்கிறார்."

எங்கள் வாழ்க்கையில் அவள் அதை ஒரு கேள்வியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லை" என்றேன்.

"அப்ப?"

அது வைத்தியர் கேட்டது இல்லை.

"அப்ப மணத்துக்கு ஒரு வாய். மிச்சத்தைப் பனியிலை ஊத்தினனான்."

வைத்தியர் பேனாவோடு காத்திருந்தார். வசந்தி அவர் பக்கம் திரும்பி, "நைன்" என்றாள். இல்லை என்று. அவருக்கு முதல் தடவையே கேட்டிருந்தது, ஆனாலும் அவள் இன்னொரு தடவை சொன்னாள், இன்னும் கொஞ்சம் உரத்து. பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தான் கேட்கக் கூடாத எதையோ கேட்டுவிட்டதாக நினைத்திருப்பார் போல, வைத்தியர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கும் அந்த ஒரு ஜேர்மன் சொல் எனக்கும் தெரியும். அவள் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை.